முன்பக்கத்துப் புல், பாதி மூடிய பெட்டி: அமெரிக்க வழக்கங்களை வெளியாளின் கண்ணால் பார்ப்பது

கேள்வி இது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் முதுகலை படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர் விருப்பப் பாடமாக மானுடவியல் எடுத்திருக்கிறார். வகுப்பில் "நாசிரேமா" கட்டுரையைப் படிக்கக் கொடுத்துவிட்டு, அமெரிக்கர்களின் அன்றாட வழக்கம் ஒன்றை வெளியாளின் கண்ணால் பார்த்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு இங்கே எல்லாமே விநோதமாகத்தான் தெரியுது அக்கா. எதை எழுதுறது?" என்று கேட்கிறார்.

தம்பி, எல்லாமே விநோதமாகத் தெரிகிற இந்த முதல் ஆறு மாதம் திரும்ப வராது. எழுதப்போவது எதுவாக இருந்தாலும் சரி, இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கண்ணில் படுவதையெல்லாம் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். நான் ஒஹாயோவுக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மானுடவியல் படித்தேன், இப்போது ஒரு சமுதாயக் கல்லூரியில் அதையே கற்பிக்கிறேன். முதல் ஆண்டில் நான் எழுதிய குறிப்புகளில் இருக்கும் கூர்மை அதற்குப் பிறகு நான் எழுதிய எதிலும் இல்லை. பழகப் பழகக் கண் மழுங்கிவிடும்.

முதலில் அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாணவர்கள் வழுக்கி விழும் இடமே அதுதான். ஹொரேஸ் மைனர் 1956இல் 'அமெரிக்கன் ஆந்த்ரோபாலஜிஸ்ட்' ஆய்விதழில் எழுதியது. கனடாவின் க்ரீ மக்களுக்கும் மெக்சிகோவின் யாக்கி, தாராஹுமாரா மக்களுக்கும் நடுவே வாழும் ஓர் இனம். வீட்டுக்கு வீடு உடல் சடங்குக்கென்று கோவில். அதன் சுவரில் மந்திரப் பொருள்கள் அடைத்த பெட்டி. பன்றி மயிரை வாயில் விட்டு ஆட்டும் தினசரிச் சடங்கு. நாசிரேமா என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் 'அமெரிக்கன்' என்று வரும். கோவில் என்பது குளியலறை. பெட்டி என்பது மருந்து அலமாரி. வாய்ச் சடங்கு என்பது பல் துலக்குவது.

படிக்கும் மாணவர்கள் உடனே அதே வித்தையைச் செய்யப் பார்க்கிறார்கள். காரை 'உலோகத் தெய்வம்' என்று எழுதுவது, காபியைக் 'கறுப்புத் தீர்த்தம்' என்று எழுதுவது. ஆண்டுக்கு முப்பது கட்டுரையாவது இப்படி என் மேசைக்கு வரும். அதில் பார்வை என்று ஒன்றும் இருக்காது, சொல்லை மாற்றிப் போட்டது மட்டும்தான் இருக்கும். மைனர் குறிவைத்தது அமெரிக்கர்களின் பல் துலக்கலை என்று நான் நினைக்கவில்லை. ஆப்பிரிக்காவின் திம்புக்டுவிலும் கனடாவின் கியூபெக்கிலும் களப்பணி செய்த மனிதர் அவர். மற்ற மக்களைப் பற்றி எழுதும்போது 'மந்திரம்', 'சடங்கு', 'சூனியக்காரன்' என்று தம் துறையினர் அள்ளி வீசும் சொற்களைச் சொந்த மக்கள் மேல் திருப்பிக் காட்டினார். அந்தச் சொற்களால் யாரை எழுதினாலும் விநோதமாகத்தான் தெரிவார்கள். ஆகவே உங்கள் கட்டுரையில் 'பழங்குடி', 'சடங்கு' என்ற வேடம் எதுவும் வேண்டாம். புல்லைப் புல் என்றும் பெட்டியைப் பெட்டி என்றும் எழுதுங்கள்.

எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். ஒரு வழக்கம் மீறப்படும் இடத்தில் போய் நில்லுங்கள். மீறினால் என்ன நடக்கிறது? யார் முகம் சுளிக்கிறார்கள்? யார் வந்து அதைச் சரிசெய்கிறார்கள்? எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது வழக்கம் கண்ணுக்கே தெரியாது. "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டாலும் பயன் இருக்காது. "எல்லாரும் செய்வதுதானே" என்பார்கள். நம் ஊரிலும் அதே பதில்தான் கிடைக்கும்.

எனக்கு இது புரிந்தது ஒரு புல்தரையில்.

நாங்கள் அப்போது கொலம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புறநகரில் வாடகைக்கு இருந்தோம். ஜூன் மாதம். மாமனாருக்கு உடம்பு முடியவில்லை என்று என் கணவர் ஊருக்குப் போயிருந்தார். கைக்குழந்தையோடு நான் மட்டும். மூன்று வாரம் புல் வெட்டவில்லை. அது என் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் உண்மை. முதலில் வாசற்கதவில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. புல் எட்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறது, இத்தனை நாளுக்குள் வெட்டாவிட்டால் நகராட்சியே ஆள் வைத்து வெட்டிவிட்டுச் செலவை வசூலிக்கும் என்று எழுதியிருந்தது. புல்லின் உயரத்துக்குச் சட்டம் இருக்கிறது என்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் மிகப் பல ஊர்களில் இப்படிச் சட்டம் உண்டு.

மறுநாள் சனிக்கிழமை காலை மோவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், எங்கள் வீட்டு முன்பக்கத்தை வெட்டிக்கொண்டிருந்தார். நடைபாதை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த புல்லைத் தனியாக ஒரு கருவியால் நேர்கோடாகச் செதுக்கினார். வெட்டிய தூளைத் தெருவிலிருந்து ஊதித் தள்ளினார். நான் கதவைத் திறந்து நன்றி சொன்னபோது கையை மட்டும் உயர்த்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

பின்பக்கத்தை அவர் தொடவில்லை. அங்கே புல் முழங்கால் உயரம் நின்றது.

அன்றிரவு நோட்டில் அதைத்தான் எழுதினேன். முன்பக்கம் மட்டும், ஏன்? எழுதிய பிறகு மற்றதெல்லாம் தன்னால் கண்ணில் படத் தொடங்கியது. எங்கள் தெருவில் ஒருவர்கூட வீட்டு முன் புல்தரையில் உட்காருவதில்லை. பிள்ளைகள் விளையாடுவது, இறைச்சி சுடுவது, நாற்காலி போட்டுப் பேசுவது எல்லாம் பின்பக்கம்தான். முன்பக்கம் உழைப்பும் தண்ணீரும் உரமும் வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கிறது. மற்ற வேளைகளில் 'இது என் நிலம்' என்று அவ்வளவு கண்டிப்பாகப் பேசும் மக்கள், முன்பக்கத்துக்கு மட்டும் வேலி போடுவதில்லை. ஒரு வீட்டுப் புல் அடுத்த வீட்டுப் புல்லோடு ஒட்டித் தெரு முழுக்க ஒரே விரிப்பாகப் போகிறது.

ஏழெட்டு ஆண்டு கழித்து, நல்ல பழக்கமான பிறகு, அந்தப் பெரியவரிடமே கேட்டேன். அன்றைக்குப் பின்பக்கத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? கேள்வியே புரியாதவர்போல் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "பின்பக்கம் உங்களுடையது ஆயிற்றே" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். அப்படியென்றால் முன்பக்கம் யாருடையது? பத்திரத்தில் வீட்டுக்காரருடையது. வழக்கத்தில் தெருவுடையது. வாடகைக்கு இருப்பவரோ சொந்தக்காரரோ, தெருவின் சார்பில் அதைப் பராமரிக்கும் கடமை மட்டும்தான் அவருக்கு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது நம் வாசல்தான். காலையில் தெளித்துக் கோலம் போடாத வாசலைப் பார்த்தால் நம் ஊரில் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள்? துக்கமா, ஆள் இல்லையா, உடம்பு சரியில்லையா என்று எட்டிப் பார்ப்பார்கள். இங்கே வளர்ந்துவிட்ட புல் அதே செய்தியைத்தான் சொல்கிறது. 2008இல் வீட்டுக்கடன் நெருக்கடி வந்தபோது எங்கள் பகுதியில் எந்த வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது என்பதைப் புல்லின் உயரத்தை வைத்தே சொல்லிவிடுவோம். பெரியவர் எனக்குச் செய்தது உதவி. தெருவின் முகத்தில் விழுந்த கறையை அவர் துடைத்ததும் அதே செயல்தான். இரண்டில் எது என்று பிரிக்கப் பார்த்தால் அந்த மனிதரை நாம் தவறாகப் புரிந்துகொள்வோம்.

இத்தோடு நிறுத்தினால் அழகான கட்டுரை ஒன்று கிடைக்கும். ஆனால் அது பாதிதான். வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தோண்ட வேண்டும். கென்டக்கி ப்ளூகிராஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு நாட்டின் பெரும்பகுதியில் பரந்திருக்கும் புல் கென்டக்கியில் தோன்றியது இல்லை, குடியேறிகள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தது. பெரிய மாளிகைக்காரர்களின் அலங்காரமாக இருந்த புல்தரை, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் நடுத்தரக் குடும்பத்தின் கடமையாகப் பெருகியது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947இல் தொடங்கி 17,000க்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே அச்சில் கட்டிய லெவிட்டவுன் அதற்குப் பேர்போனது. அங்கே வாடகைக்கு வந்தவர்கள் கையெழுத்திட்ட தொடக்ககால ஒப்பந்தத்தில், ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை வாரம் ஒரு முறையாவது புல் வெட்ட வேண்டும் என்று இருந்தது. அதே ஒப்பந்தத்தில், வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரும் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்றும் இருந்தது. வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு மட்டும் விலக்கு.

அந்த இரண்டு விதியும் ஒரே தாளில் இருந்தன என்பதை முதன்முதலில் படித்தபோது என் முன்வாசலை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். இப்படிப்பட்ட இன ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் செயல்படுத்தித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968இல் வந்தது. இன விதி சட்டப்படி செத்துவிட்டது, புல் விதி உயிரோடு இருக்கிறது. 'ஒரே சீரான தெரு' என்ற சொல்லுக்குள் இரண்டும் சேர்ந்து வளர்ந்தவை. வழக்கத்தை ரசிக்கும்போதே அது யாரை வெளியே நிறுத்தியது என்றும் கேட்காத மானுடவியலில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி, உங்களைத் தினமும் குழப்பும் இரண்டு சின்ன விஷயங்கள்.

"ஹவ் ஆர் யூ?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறார்களே என்று எழுதியிருந்தீர்கள். அவர்களைப் பாசாங்குக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். நம் ஊரில் "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று தெருவில் கேட்பவர் சோறு போடவா கேட்கிறார்? அதுவும் இதுவும் ஒரே வேலையைச் செய்கின்றன: உன்னை நான் பார்த்தேன், நமக்குள் பகை ஒன்றும் இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஒரு முறை உண்மையைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்தில் எதிரே நிற்பவரின் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்து எழுதுங்கள்.

டிப்ஸ் விஷயம் கனமானது. 'கொடுக்காவிட்டால் என்ன?' என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காவிட்டால், பரிமாறிய பெண்ணின் அன்றைய கூலியை நீங்கள் பிடித்துக்கொண்டதாக அர்த்தம். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இலிருந்து அது மாறவில்லை. மற்றவர்களுக்கு 2009இலிருந்து 7.25 டாலர். இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது உங்கள் டிப்ஸ். நிரம்பாவிட்டால் மீதியை முதலாளி தர வேண்டும் என்பது சட்டம். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மட்டும் டிப்ஸைக் கணக்கில் எடுக்காமல் முழுக் கூலியும் தர வேண்டும்.

இந்த வழக்கத்தை அமெரிக்கர்களே ஒரு காலத்தில் வெறுத்தார்கள். எசமான் வேலைக்காரனுக்குக் காசு வீசும் ஐரோப்பியப் பழக்கம், குடியரசுக்கு அடுக்காது என்றார்கள். வாஷிங்டன் மாநிலம் 1909இல் டிப்ஸுக்குத் தடைச் சட்டமே போட்டது, இன்னும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1926க்குள் எல்லாம் நீங்கிவிட்டன. ஆனால் அதற்கு முன்பே, 1865இல் முடிந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்களைக் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்தி, மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லும் முறை ஊன்றிவிட்டது. புல்மன் நிறுவனத்தின் தூங்கும் வசதிகொண்ட ரயில் பெட்டிகளில் வேலை செய்த போர்ட்டர்கள் இதற்குப் பெரிய உதாரணம். பயணிகள் அவர்கள் எல்லாரையும் நிறுவனர் ஜார்ஜ் புல்மனின் பெயரால் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். தங்கள் பெயரால் அழைக்கப்படுவதும் அவர்கள் போராட்டத்தில் ஒரு பகுதியாக இருந்தது. ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். பில்லின் அடியில் டிப்ஸ் என்று ஒரு வெற்றுக்கோடு இருக்கும். பேனாவை எடுக்கும்போது இத்தனையும் அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து, சாவு வீடு. அழைத்தால் தயங்காமல் போங்கள். ஒரு சமூகம் தன்னைப் பற்றி அதிகம் காட்டுவது அங்கேதான்.

உடன் வேலை செய்த தோழியின் அப்பா இறந்தபோது முதன்முதலாகப் போனேன். எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணம். செய்தித்தாளில் 'மாலை 4 முதல் 7 வரை' என்று நேரம் போட்டிருந்தார்கள். துக்கம் கேட்க நேரம் குறித்திருப்பதே எனக்குப் புதிது. வீட்டில் இல்லை, இறுதிச் சடங்கை ஏற்று நடத்தும் நிறுவனமான ஃப்யூனரல் ஹோமில். வாசலில் பெயர் எழுத ஒரு புத்தகம். பெரிய அட்டைகளில் அவருடைய படங்கள்: ராணுவ உடையில், கல்யாணத்தில், ஏரியில் மீனைத் தூக்கிப் பிடித்தபடி. வரிசையில் நின்று நகர்ந்தோம். முடிவில் பெட்டி. கோட்டும் கழுத்துப்பட்டையுமாக, மூக்குக்கண்ணாடி போட்டு, முகத்தில் லேசான சிவப்புப் பூச்சோடு படுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய மீன்பிடித் தொப்பி.

நான் காலைத் தொட்டுக் கும்பிடத் தேடினேன். பெட்டியின் கீழ்ப்பாதி மூடியிருந்தது.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். யாரும் உடலைத் தொடவில்லை, ஓரிருவர் மட்டும் கைமேல் ஒரு கணம் கை வைத்தார்கள். யாரும் வாய்விட்டு அழவில்லை. தோழியும் அவள் அம்மாவும் நின்றுகொண்டு, வந்தவர்களின் கையைப் பிடித்து, "இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் வீடுகளில் வருகிறவர்கள் அழவைத்து அழுவார்கள். துக்கத்தை வெளியே இழுப்பது அங்கே உறவினரின் கடமை. இங்கே துக்கத்தில் இருப்பவர் வந்தவர்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இறந்தவரின் தங்கை ஒருவர் திடீரென்று குரல் உடைந்து சத்தமாக அழுதபோது, கறுப்புக் கோட்டு அணிந்த பணியாளர் ஒருவர் ஓசைப்படாமல் வந்து, டிஷ்யூ பெட்டியை நீட்டி, தோளைத் தொட்டுப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். பெரிய நாற்காலி, மெல்லிய விளக்கு, சாத்திய கதவு. அழுவதற்கென்று ஓர் அறையே கட்டி வைத்திருக்கிறார்கள். நான் சொன்னேனே, மீறும் இடத்தில் நில்லுங்கள் என்று. அது இந்த அறைக்கதவுதான்.

இவர்களுக்கு மனம் இறுகிவிட்டது என்று அவசரமாக எழுதிவிடாதீர்கள். அடுத்த இரண்டு வாரம் அந்தத் தோழி வீட்டு வாசலில் காஸரோல் குவிந்தது. கண்ணாடித் தட்டில் சுட்ட நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, கோழி. அலுமினியத் தாள் போர்த்தி, எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் சூடாக்க வேண்டும் என்று சீட்டு ஒட்டி, தட்டின் அடியில் கொடுத்தவர் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பெயர், தட்டைத் திருப்பிக் கொடுக்க. திருப்பிக் கொடுக்கப் போகும்போது ஐந்து நிமிடம் பேச்சு நடக்கும். வாய்விட்டுச் சொல்லாத துக்கம் இந்தப் போக்குவரத்தில்தான் நடக்கிறது. நம் பக்கத்தில் துக்க வீட்டில் அடுப்பு மூட்டாமல் உறவுக்காரர் சமைத்துக் கொண்டுவருவதை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கமே தேவைப்படாது.

உடலைப் பதப்படுத்தி, சாயம் பூசிக் காட்டும் வழக்கம் இங்கே பரவியது உள்நாட்டுப் போரில். அதுவரை வீட்டுப் பெண்களே உடலைக் குளிப்பாட்டி உடுத்தி முன்னறையில் கிடத்துவார்கள். 1861 முதல் 1865 வரை பிள்ளைகள் வீட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளிச் செத்தார்கள். வசதியுள்ள குடும்பங்கள் பதப்படுத்தி ரயிலில் வரவழைத்தன. பிறகு லிங்கன் கொல்லப்பட்டபோது அவர் உடல் 1865 ஏப்ரல் 21 அன்று தலைநகர் வாஷிங்டனிலிருந்து ரயிலில் புறப்பட்டு, ஊர் ஊராக நின்று, மே 3 அன்று இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தது. வழிநெடுகத் திரண்ட பெருங்கூட்டம் பதப்படுத்திய முகத்தைக் கண்ணால் பார்த்தது. ஒரு தேசமே சேர்ந்து கற்றுக்கொண்ட வழக்கம் என்று இதைச் சொல்லலாம். பதப்படுத்துவதைச் சட்டம் பொதுவாகக் கட்டாயமாக்கவில்லை. அதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும், விலைப்பட்டியல் தர வேண்டும் என்று 1984இல் கூட்டாட்சி விதியே வந்தது. இப்போது வழக்கம் மாறிக்கொண்டும் வருகிறது. 1960 வாக்கில் நூற்றுக்கு நான்கு பேர்கூட எரியூட்டப்படவில்லை. இன்று புதைப்பவர்களைவிட எரிப்பவர்கள் அதிகம்.

கல்லறைத் தோட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். புல் மறுபடியும் வரும். பெட்டியை நேராக மண்ணில் வைக்காமல், பெரும்பாலான இடங்களில் கான்கிரீட் உறைக்குள் வைக்கிறார்கள். சட்டத்துக்காக அல்ல, தோட்டக்காரர்களின் விதி அது. பெட்டி உளுத்து மண் உள்வாங்கினால் தரை மேடு பள்ளமாகிவிடும், மோவர் ஓடாது. 1917இல் ஹூபர்ட் ஈட்டன் என்பவர் கலிஃபோர்னியாவின் க்ளென்டேலில் இருந்த ஒரு கல்லறையை மாற்றியமைக்க முனைந்தார். நிற்கும் கல் வேண்டாம், தரையோடு தரையாகப் பலகை பதித்தால் போதும், பார்வைக்குப் பூங்காவாகவே இருக்கட்டும் என்றார். அந்த மாதிரி நாடெங்கும் பரவியது. உயிரோடிருப்பவர் முன்பக்கத்தில் காக்கும் அதே பச்சை விரிப்பின் கீழ்தான் இறந்தவர்களும் படுத்திருக்கிறார்கள்.

இங்கே உங்களுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. லாயிட் வார்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1920களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்டில் தொல்குடி மக்களிடையே களப்பணி செய்தார். திரும்பி வந்து, 1930 வாக்கில், அதே முறைகளோடு மாசசூசெட்ஸின் நியூபெரிபோர்ட் என்ற சிறு துறைமுக ஊரில் இறங்கினார். எழுத்தில் அந்த ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் யாங்கி சிட்டி. மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே அன்று, வேறு நாளில் ஒன்றாக நிற்காத கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் யூதர்களும் போரில் இறந்தவர்களின் பெயரால் ஒரே ஊர்வலமாகக் கல்லறைக்கு நடப்பதைப் பார்த்தார். பிரிந்து கிடக்கும் ஊரை அதன் இறந்தவர்கள் சேர்த்து வைக்கிறார்கள் என்று காட்டினார். ஆர்னெம் லேண்டை எழுதிய அதே மரியாதையோடும் அதே கவனத்தோடும் நியூபெரிபோர்ட்டையும் எழுதியதுதான் அவரிடம் நான் மதிப்பது.

எல்லாருக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் யாஹி என்ற தம் பூர்வகுடி மக்கள் எல்லாரும் அழிக்கப்பட்ட பின் 1911இல் ஓரோவில் அருகே தனியாக வெளியே வந்த மனிதர், இஷி. மானுடவியலாளர்கள் அவரை சான் ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்க வைத்தார்கள். பார்வையாளர்கள் முன் அம்பு செய்து காட்டினார். 1916 மார்ச்சில் காசநோயில் இறந்தார். அவரை நன்றாக அறிந்த மானுடவியலாளர் ஆல்ஃப்ரெட் க்ரோபர் அப்போது ஊரில் இல்லை. உடலை அறுக்க வேண்டாம் என்று கடிதம் எழுதினார், ஆனால் அதற்குள் அறுத்து மூளையை எடுத்துவிட்டார்கள். பிறகு அதே க்ரோபர்தான் அந்த மூளையை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைத்தார். 2000ஆம் ஆண்டில்தான் அது இஷிக்கு உறவுடைய பழங்குடி மக்களிடம் திரும்பியது. அருங்காட்சியகங்களில் கிடக்கும் எலும்புகளைத் திருப்பித் தரச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் ஸ்மித்சோனியனுக்கு 1989இலும் மற்றவற்றுக்கு 1990இலும்தான் வந்தது. தன் இறந்தவரைக் கான்கிரீட் உறைக்குள் வைத்து மேலே புல் வளர்த்த அதே நாடு, இன்னொரு மக்களின் இறந்தவரை அலமாரி இழுப்பறையில் வைத்திருந்தது. வெளியாளின் கண் என்ற சொல்லை எழுதும்போது எனக்கு எப்போதும் இஷி நினைவுக்கு வருகிறார். அந்த அருங்காட்சியகத்தில் அவர் எதைப் பார்த்தார், அந்தப் பார்வையாளர்களைப் பற்றி என்ன நினைத்தார் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு.

ஆகவே கட்டுரையில் 'அமெரிக்கர்கள்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் எந்த அமெரிக்கர் என்று உங்களையே கேளுங்கள். நான் சொன்ன அடங்கிய துக்கம் மத்திய மேற்கின் வெள்ளையர் ஊர் ஒன்றில் பார்த்தது. பிறகு கொலம்பஸிலேயே கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் 'ஹோம்கோயிங்' என்று அவர்கள் சொல்லும் இறுதிச் சடங்குக்குப் போனேன். பாட்டு, கைதட்டல், நின்று கதறும் பெண்கள், அவர்களுக்கு விசிறி வீச வெள்ளை உடையில் சபைப் பெண்கள், முடிவில் எல்லாருக்கும் சாப்பாடு. அங்கே யாரையும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போகவில்லை. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே காரில் இருபது நிமிட தூரம்.

உங்களுக்கு இரண்டு வாரம்தான் அவகாசம் என்கிறீர்கள். அதற்குள் சாவுக்கும் கல்யாணத்துக்கும் காத்திருக்க முடியாது. சிக்னல் இல்லாத, நாலு பக்கமும் நிறுத்தப் பலகை உள்ள ஒரு சந்திப்பைத் தேர்ந்தெடுங்கள். முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும், ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவர் போக வேண்டும். போலீஸ் இருக்காது. காலை எட்டு மணிக்கு ஓரமாக நின்று ஒரு மணி நேரம் பாருங்கள். யார் யாருக்குக் கை அசைக்கிறார்கள்? முறை தவறியவர் மேல் ஹார்ன் அடிப்பது யார், அடிக்காமல் தலையை மட்டும் ஆட்டுவது யார்? பெரிய வண்டிக்குச் சலுகை உண்டா? நடந்து வருபவர் வந்தால் என்ன ஆகிறது? மூன்று நாள், வேறு வேறு நேரம். யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிக் கேட்பவரிடமே நாலு கேள்வி கேட்கலாம்.

எழுதி முடித்ததும் பேராசிரியரிடம் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எந்த வரியில் நெற்றியைச் சுருக்குகிறார் என்று பார்த்து, அந்த வரிக்குத் திரும்பிப் போங்கள். பிறகு எனக்கும் அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.